வரிசையில் கடைசியாக நிற்கும் முதலாளி

என் மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, உன் போன் வந்துவிட்டது. நீ பேசப் பேச, அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நம் தீவுச் சூரை மீனை ஐஸ் பெட்டியில் அடைத்து அன்றன்றைக்கே விமானத்தில் சென்னைக்குக் கொண்டுபோகப் போகிறீர்கள், நீயும் உன் கூட்டாளிகள் இரண்டு பேரும் முதலாளிகள், பேங்க் கடன் ஏறக்குறைய கிடைத்த மாதிரிதான் என்றெல்லாம் சொன்னாய். போனை வைக்கப்போகிற நேரத்தில்தான், நம் கராச்சர்மா வீட்டுப் பத்திரத்தைப் பேங்கில் வைக்க வேண்டும், நானும் அப்பாவும் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்று சேர்த்துக்கொண்டாய். “சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதாம்மா” என்றாய். அப்பா அந்த நிமிஷமே சரி என்று சொல்லியிருப்பார். நான்தான் யோசித்துச் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டேன். இதையெல்லாம் போனில் பேச நம் இருவருக்கும் வராது. நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும், அப்பா நடுவில் இருமிக்கொண்டிருப்பார். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், உட்கார்ந்து படி. படித்துவிட்டு உன் கூட்டாளிகளுக்கும் கொடு. அவர்கள் வீட்டுப் பத்திரங்களையும் யாரோ ஓர் அம்மா பீரோவில்தான் வைத்திருப்பாள்.

கம்பெனி என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித்தர நினைக்காதே. நானும் ஒரு கம்பெனிக்கு முதலாளியாக இருந்தவள். நீ சிரிப்பது தெரிகிறது. நம் ஊரில் ஓடிக்கொண்டிருந்த அந்தத் தனியார் படகு கம்பெனியைத்தான் சொல்கிறேன். அது மூழ்கிய கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ அப்போது சென்னையில் பரீட்சை, வேலை என்று ஓடிக்கொண்டிருந்தாய். நான் அதில் ஷேர் வாங்கியது லாபத்துக்காக இல்லை, டிக்கெட்டுக்காக. கடல் தாண்டி ரங்கத்தில் உன் சித்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் போக நான் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். அரசுக் கப்பலில் இடம் இல்லை, தனியார் படகில் விடியுமுன் போய் நின்றும் எனக்கு முன்னால் இருந்தவரோடு டிக்கெட் தீர்ந்துபோனது. கல்யாணம் முடிந்து சோறு பரிமாறும் நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அதற்குப் பின் கொஞ்ச நாளில், புதிதாக இன்னொரு படகு வாங்கப் பணம் திரட்டுகிறோம், பங்கு வாங்குகிறவர்களுக்குத் தனி கவுன்ட்டர் என்று அந்தக் கம்பெனிக்காரர்கள் சொன்னதும், கையில் இருந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். பதிலுக்கு நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் அட்டை தந்தார்கள். என்னைப் போல் எத்தனையோ பேர் வாங்கினார்கள். ஒருத்தராவது வரவு செலவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. நமக்கெல்லாம் ஷேர் என்றால் பாஸ் மாதிரி, அவ்வளவுதான்.

அந்த அட்டைக்கு இருந்த மரியாதையை நீ பார்த்திருக்க வேண்டும். நான் போய் நின்றால் ஜன்னல் திறக்கும். சுற்றுலா வந்தவர்கள் வெயிலில் நிற்க, நான் டிக்கெட்டை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போவேன். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார லட்சுமி அவள் தம்பி கல்யாணத்துக்கு என் அட்டையை இரவல் வாங்கிப் போனாள். பிறகு அவள் நாத்தனார், பிறகு நாத்தனாரின் நாத்தனார். அட்டை திரும்பி வரும்போது கூடவே ஒரு பை பாக்கோ, நாலு தேங்காயோ வரும். பங்குக்கு லாப ஈவு என்று நான் கண்டது அந்தத் தேங்காய்கள்தான். அப்பா கிண்டல் பண்ணுவார், நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. அவருக்கும் அதே கம்பெனியில்தான் பிழைப்பு. துறைமுகத்துப் பக்கம் ஹேடோவில் இருந்த நம் பட்டறையில்தான் அவர்களுடைய படகு எஞ்சின்களைப் பழுது பார்த்தார். முதலில் பில் கொடுத்ததும் பணம் வந்தது, பிறகு மாதம் கழித்து வந்தது, பிறகு வரவே இல்லை. அப்பா கேட்கப் போனால் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள். அவரும் காப்பியைக் குடித்துவிட்டு வந்து மறுபடியும் அதே எஞ்சினுக்கு அடியில் படுத்துக்கொள்வார். ஆக, ஒரே வீட்டில் நான் அந்தக் கம்பெனிக்கு முதலாளி, உன் அப்பா அந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர். அது எங்கள் இருவருக்குமே அப்போது உறைக்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் இரண்டு படகும் படகுத்துறை ஜெட்டியில் கட்டிக் கிடந்தன. பழுது என்றார்கள், டீசல் என்றார்கள், பிறகு ஒன்றுமே சொல்லவில்லை. தவணை வராத பேங்க் கல்கத்தாவில் இருக்கும் கம்பெனித் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டது. நம் தீவு வழக்குகள் அங்கேதான் போகும். தீர்ப்பாயம் தாஸ் பாபு என்ற ஒருவரை அனுப்பி வைத்தது. அவர் அரசாங்க அதிகாரி இல்லை. நொடித்துப்போன கம்பெனிகளைக் கையில் எடுத்து நடத்திப் பார்க்க உரிமம் வாங்கிய ஆள். அவர் வந்து கம்பெனி ஆபீஸில் எம்.டி.யின் நாற்காலியில் உட்கார்ந்த அன்றிலிருந்து எம்.டி.க்கு அங்கே வேலையில்லை. அது தெரிந்ததும் அப்பா ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜெட்டிக்குக் கிளம்பிவிட்டார். அவர் மாட்டிய கியர்பாக்ஸுக்குக் கம்பெனி பணம் தரவில்லை, ஆகவே அதை அவரே கழற்றிக்கொள்வாராம். நானும் கூடவே ஓடினேன். அங்கே போட்டிருந்த காவல்காரன் விடவில்லை. தாஸ் பாபுவே வந்து, ஒரு நட்டைக்கூட யாரும் தொடக் கூடாது, தீர்ப்பாயத்தின் தடை இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். நீங்கள் கியர்பாக்ஸைக் கழற்றினால், சீட் போட்டவர் சீட்டைக் கழற்றுவார், ஏசி போட்டவர் ஏசியைக் கழற்றுவார், பிறகு இந்தப் படகை வாங்க யார் வருவார், உங்கள் யாருக்கும் எங்கிருந்து பணம் வரும் என்று கேட்டார். அப்பாவுக்குக் கோபம் ஆறவில்லை. எனக்கோ அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. அவரவர் ஓடிவந்து அள்ளிக்கொண்டு போகாமல் எல்லாரையும் ஓர் இடத்தில் நிறுத்துவதற்கென்று ஒரு சட்டமா என்று ஆச்சரியமாக இருந்தது. என் சுபாவம் உனக்குத் தெரியுமே, ஒன்று தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கடன் பாக்கி உள்ளவர்கள் எல்லாம் வந்து பதிவு செய்யலாம் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. அப்பா பில்களை எடுத்துக்கொண்டார், நான் என் நீல அட்டையை எடுத்துக்கொண்டேன். வாசலில் ஒரே கூட்டம். நான் பழக்க தோஷத்தில், அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லாரையும் தாண்டி நேரே முன்னால் போய் நின்றேன். சத்தியமாக அதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. என்னைப் பார்த்து இன்னும் நாலைந்து நீல அட்டைக்காரர்கள் முன்னே வந்தார்கள். தாஸ் பாபு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொஞ்சம் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

“மேடம், ஆப் தோ மாலிக் ஹைன். நீங்கள்தான் முதலாளி, முதலாளிக்கு யார் கடன்பட்டிருக்கிறார்கள், சொல்லுங்கள்?” என்றார் இந்தியில்.

என் பின்னால் பில்லோடு நின்றுகொண்டிருந்த உன் அப்பாவைக் கூப்பிட்டு, அவர் தாள்களை வாங்கிக்கொண்டார். அப்பா என்னைத் தாண்டிப் போகும்போது பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு அப்படி ஒரு வெற்றி கிடைத்ததில்லை.

நான் விடவில்லை. கூட்டம் கலைந்த பிறகு ஃப்ளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். முதலாளி என்றால் முதலில் வருகிறவர் இல்லையா என்று கேட்டேன். மனிதர் நல்லவர், உட்காரவைத்து விளக்கினார். படகுகளை விற்று வருகிற பணத்தில் முதலில் இந்த வேலைக்கே ஆன செலவு, அதாவது அவருடைய கட்டணம், காவல் எல்லாம் கழியும். பிறகு படகை அடமானம் பிடித்த பேங்கும், படகில் உழைத்தவர்களின் குறிப்பிட்ட காலத்துச் சம்பள பாக்கியும் ஒரே படியில் நிற்கும். அதற்குக் கீழே ஆபீஸ்காரர்களின் சம்பளம், அதற்கும் கீழே அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர்கள், அப்புறம் அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய வரி. வாழ்நாளெல்லாம் அரசு ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவள் நான். அந்தப் படகில் வேலை பார்த்த நம் சேவியர் அண்ணன் போன்ற ஒரு தொழிலாளிக்குப் பின்னால் அரசாங்கம் நிற்கும் ஒரு வரிசை உலகத்தில் உண்டு என்பதே எனக்குப் புதுசு. வரிக்கும் கீழேதான் உன் அப்பாவைப் போல வேலையும் சரக்கும் கொடுத்துவிட்டுப் பில்லோடு நிற்பவர்கள். ஒவ்வொரு படிக்கும் முழுசாகக் கொடுத்து மிஞ்சினால்தான் அடுத்த படிக்கு இறங்கும். எல்லாருக்கும் கொடுத்து முடித்த பிறகு ஏதாவது மிஞ்சியிருந்தால் அது நீல அட்டைக்காரர்களுக்கு.

அது எப்படி நியாயம், எல்லாருக்கும் முன்னால் பணம் போட்டவர்கள் நாங்கள்தானே என்று நான் சண்டைக்கே போனேன். அவர் கேட்டார், படகு நன்றாக ஓடிப் பணம் கொட்டியிருந்தால் பேங்க் தன் வட்டிக்கு மேல் ஒரு ரூபாய் கேட்க முடியுமா, உங்கள் வீட்டுக்காரர் பில்லுக்கு மேல் கேட்க முடியுமா, மிச்சமெல்லாம் யாருக்குப் போயிருக்கும்? எங்களுக்குத்தான் என்றேன். “அப்போது மிச்சம் உங்களுடையது என்றால், இப்போது மிச்சமில்லாததும் உங்களுடையதுதான் மேடம்” என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதை மடக்கப் பார்த்தேன், முடியவில்லை. இத்தனை நாள் டிக்கெட் ஜன்னலில் முதல் ஆளாக நின்று நின்று, பணத்திலும் முதல் ஆள் நாம்தான் என்று தீவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

இதற்குள் கராச்சர்மாவில் வேறொரு புரளி. கம்பெனிக் கடனுக்கு ஷேர்காரர்களின் வீடுகளை எழுதி வாங்கப் போகிறார்கள் என்று. லட்சுமி மூச்சிரைக்க வந்து நின்றாள். “அக்கா, கார்டு இரவல் வாங்கினவங்களையும் பிடிப்பாங்களா?” என்றாள். அவளைப் பார்த்துச் சிரித்தேனே தவிர அவள் போனதும் பீரோவைத் திறந்து பத்திரம் இருக்கிறதா என்று பார்த்தேன். மறுநாளே தாஸ் பாபுவிடம் போய்க் கேட்டேன். இல்லவே இல்லை என்றார். பங்கு வாங்கப் போட்ட பணம் போகும், அதோடு முடிந்தது. கம்பெனி எத்தனை பேருக்கு எவ்வளவு பாக்கி வைத்திருந்தாலும் அது கம்பெனியின் கடன். உங்கள் வாசல்படியை அது தாண்ட முடியாது என்றார். முதல் நாள் அவரோடு சண்டை போட்டவள், அன்றைக்கு அந்தச் சட்டத்தை எழுதியவன் கையைப் பிடித்துக் கும்பிடலாம் போல் இருந்தேன். யோசித்துப் பார், இந்தக் காப்பு இல்லாவிட்டால் முன்பின் தெரியாத ஒருத்தன் வாங்கும் படகுக்கு யார் காசு போடுவார்கள்? கடைசியில் நிற்கிறாய், சரி, ஆனால் உன்னிடம் இருப்பதையெல்லாம் பிடுங்க மாட்டோம் என்று ஒரு பேச்சு. அந்தப் பேரம் எனக்குப் பிடித்திருந்தது.

கம்பெனியை அப்படியே எடுத்து நடத்த யாரும் முன்வரவில்லை. கடைசியில் கலைத்துவிட உத்தரவாகி, படகுகள் ஏலத்துக்குப் போயின. விசாகப்பட்டினத்துக்காரர் ஒருவர் வாங்கினார். பேங்குக்குப் பாதிக் கடன்கூட வரவில்லை. சேவியர் அண்ணனுக்குச் சம்பள பாக்கியில் ஒரு பங்கு வந்தது, அதை வைத்து வீட்டுக்குக் கூரைத் தகடு மாற்றினார். அப்பாவின் படி வரை பணம் இறங்கவே இல்லை. என் படியைக் கேட்கவே வேண்டாம். ஒரே ஒரு நல்லது நடந்தது. வாங்கியவர் படகைக் கிளப்பப் பார்த்தால் எஞ்சின் மூச்சு விடவில்லை, உன் அப்பாவைத் தேடி ஆள் வந்தது. பணத்தை மேஜைமேல் வைத்த பிறகுதான் ஸ்பானரைத் தொடுவேன் என்றார் மனிதர். அந்த முறை அவர் காப்பிகூடக் குடிக்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உனக்கு இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். போன வருஷம் ஒரு நாள் டவுனிலிருந்து வரும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். எங்கேயோ பார்த்த முகம். கம்பெனித் திறப்பு விழாவில் பட்டுப்புடவையில் குத்துவிளக்கு ஏற்றியவள், எம்.டி.யின் மனைவி. இப்போது இங்கே நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருக்கிறார்களாம். உங்கள் வீடு என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் வருத்தப்படாமல் சொன்னாள். படகுக்குக் கடன் வாங்கும்போது அவள் அப்பா சீதனமாகக் கொடுத்த வீட்டை அடமானம் வைத்து, அவளும் ஜாமீன் போட்டிருக்கிறாள். படகு விற்றது போக மீதிக்குப் பேங்க் வீட்டை எடுத்துக்கொண்டது. அதற்கு மேலும் நின்ற பாக்கிக்கு அவளுக்கு நோட்டீஸ் வந்துகொண்டே இருக்கிறது.

“எனக்கு அலை ஒத்துக்காதுக்கா. அந்தப் படகுல நான் ஒருவாட்டிகூட ஏறினதில்ல” என்றாள்.

அன்றைக்கு இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். பணம் போட்ட நாங்களெல்லாம் கைகழுவிவிட்டு வீட்டில் நிம்மதியாக இருக்கிறோம். கம்பெனி கலைந்துபோய்விட்டது, அதன் பெயர்ப்பலகைகூட இல்லை. அதன் கடன் மட்டும் உயிரோடு இவள் வாசலில் வந்து நிற்கிறது. இத்தனைக்கும் இவள் முதலாளி இல்லை. படகு ஓடிக் கோடி கோடியாகக் குவிந்திருந்தாலும் ஜாமீன் போட்டவளுக்கு ஒரு தேங்காய் கிடைத்திருக்காது. லாபத்தில் பங்கு கிடையாது, நஷ்டத்துக்கு எல்லை கிடையாது, அப்படியொரு இடம். எங்களைக் காப்பாற்றிய அந்தச் சட்டச் சுவரில் அவள் தன் கையெழுத்தால் ஒரு கதவு வைத்துக் கொடுத்திருக்கிறாள். அவள் கணவர் அவளை ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. உன்னைப் போலவே நல்ல எண்ணத்தோடுதான் கேட்டிருப்பார்.

நீ போனில் எனக்கும் அப்பாவுக்கும் காட்டியது அந்த இடத்தைத்தான். உனக்கு அது தெரிந்திருக்காது என்றே நம்புகிறேன்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் ஒன்றும் வாதாடவில்லை. “ஏட்டி, பிள்ள கேக்காம்லா. போகும்போது வீட்டைத் தூக்கிட்டா போகப் போறோம்?” என்றார். அவ்வளவுதான் அவருடைய சட்டம். எனக்கு அழுகை வந்துவிட்டது. பட்டறையில் எஞ்சினுக்கு அடியில் படுத்துப் படுத்து முதுகு கூனிப்போன மனிதர், அந்தப் பணத்தில் கட்டிய வீட்டை, நீ கேட்டாய் என்ற ஒரே காரணத்துக்காகக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். உன்மேல் எனக்கு அவ்வளவு பாசம் இல்லையோ என்று ஒரு ராத்திரி முழுக்க என்னையே கேட்டுக்கொண்டேன். நான் முடியாது என்றால் உன் கடன் நின்றுபோகலாம், கூட்டாளிகள் முகம் சுளிக்கலாம், கம்பெனி தொடங்காமலே போகலாம், நீ என்னோடு பேசாமல்கூட இருக்கலாம். எல்லாம் தெரிகிறது. தெரிந்தே சொல்கிறேன், நான் ஜாமீன் கையெழுத்துப் போட மாட்டேன். அப்பாவையும் போட விட மாட்டேன். பத்திரம் என் பெயரிலும் இருப்பதால் அவர் மட்டும் நினைத்தால் நடக்காது.

ஆனால் ஒன்று செய்கிறேன். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதியை உன் கம்பெனிக்குத் தருகிறேன். கடனாக வாங்காதே. கடன் என்றால் நான் உன்னிடம் கேட்கிறவளாகிவிடுவேன், எனக்கும் உனக்கும் நடுவில் அது வேண்டாம். ஷேராக எழுது. போனால் போகட்டும், வரிசையின் கடைசியில் இந்த முறை எல்லாம் தெரிந்தே வந்து நிற்கிறேன். நீல அட்டை எதுவும் வேண்டாம். ஆனால் இந்த முறை முதலாளி கேள்வி கேட்பாள், பதில் தயாராக வைத்துக்கொள். புயலில் விமானம் ரத்தானால் பெட்டியில் இருக்கும் மீன் யார் தலையில் விடியும்? ஐஸ்காரருக்கு எத்தனை நாளில் பணம் கொடுப்பாய்? காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்புவாயா? பேங்க், வீடு இல்லாமல் அவ்வளவு பெரிய கடன் தராது என்றால் சின்னதாகத் தொடங்கு. சொந்தமாகக் குளிர்பதன அறை கட்டாதே, ஹேடோவில் வாடகைக்கு எடு. உன் கூட்டாளிகள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

இதுவரை எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பேரம் நல்லாத்தான் இருக்கு, என் பேர்லயும் கொஞ்சம் ஷேர் போடச் சொல்லு என்றார். கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நின்று அலுத்துவிட்டதாம், இந்தத் தடவை என் பக்கத்தில் நிற்கிறாராம்.

உன் கம்பெனி நன்றாக ஓட வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்கிறேன். ஆனாலும் ஓடாமல் போகிறவையும் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்படி ஒரு நாள் வந்தால், பேங்க்காரரும் ஐஸ்காரரும் விமானச் சரக்குக்காரரும் உன்னைத் தேடிக்கொண்டிருக்கும்போது, நீ ஏர்போர்ட்டில் இறங்கி நேரே வந்து, கதவைத் தள்ளித் திறந்து, யாருக்கும் பதில் சொல்லாமல் படுத்துத் தூங்க ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டுப் பத்திரத்தைத்தான் தர மாட்டேன் என்கிறேன்.

அம்மா
கராச்சர்மா